'இவர் யார் தெரியுமா?' - வாசகர்களிடமே கேட்ட அமெரிக்க நூலகம்!

பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது, 'தாத்தா பக்கத்துல நிக்கிறது யாரு?' என்று எல்லோரும் கேட்டிருப்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பதில் கிடைக்கும். அவர்கள் காலத்துக்குப் பிறகு, அந்த முகத்துக்குப் பெயரே இல்லாமல் போய்விடும்.

இதே சிக்கல் வாஷிங்டனில் இருக்கும் 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸு'க்கும் இருந்தது. 1910-களில் எடுத்த பத்திரிகைப் புகைப்படங்கள் அங்கே ஏராளம். பலவற்றுக்கு, நெகட்டிவில் எழுதியிருந்த ஓரிரு வார்த்தைகளைத் தவிர வேறு விவரம் கிடையாது.

2008 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தார்கள். காப்புரிமைச் சிக்கல் இல்லாத படங்களாகப் பார்த்து, 3,000-க்கும் மேற்பட்டவற்றை 'ஃப்ளிக்கர்' தளத்தில் பதிவேற்றினார்கள். 'உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்' என்று மக்களை அழைத்தார்கள்.

மக்கள் சும்மா 'லைக்' போட்டுவிட்டுப் போகவில்லை. பழைய செய்தித்தாள்களைத் தேடி, படத்தில் இருப்பவர் யார், எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அக்டோபருக்குள் 1 கோடிக்கும் அதிகமான பார்வைகள், 7,166 கருத்துகள்!

'கண்டபடி எழுதிவிட்டால்?' என்பதுதான் பல நிறுவனங்களின் பயம். ஆனால், அங்கே நீக்க வேண்டியிருந்த தகாத பதிவுகள் 25-க்கும் குறைவு.

முக்கியமான வேலை அதன் பிறகுதான் நடந்தது. வந்த தகவல்களை ஊழியர்கள் சரிபார்த்து, 500-க்கும் மேற்பட்ட படங்களின் விவரங்களை நூலகத்தின் பட்டியலிலேயே திருத்தினார்கள். கருத்துப் பெட்டியோடு நின்றிருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

நம் ஊர் நூலகங்களும் இதைச் செய்யலாம். பொன்னாடை போர்த்தும் படங்களுக்கு நடுவே, வாரம் ஒருமுறை ஊரின் பழைய கடைத்தெரு, தேரோட்டம், பள்ளிக்கூடப் படம் ஒன்றைப் போட்டு, 'இது எந்த வருஷம்?' என்று கேட்கலாம். பதில் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வீட்டுப் படம் என்றால் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்குங்கள். கிடைத்த தகவலைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதி, சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை.

போன் பார்க்கத் தெரியாத பாட்டிக்கு, பேத்தி அந்தப் படத்தைக் காட்டினால் போதும். விடை அடுத்த தெருத் திண்ணையிலேயே இருக்கலாம். தள்ளிப்போடாமல் இப்போதே கேட்டுவிடுவது நல்லது!