ஸ்டெப்னி எங்கே?

உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா?

"இதென்ன கேள்வி? ஸ்டெப்னி இல்லாமல் கார் உண்டா?" என்று சிரிக்காதீர்கள். புதுக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். டிக்கியைத் திறந்து, கீழே போட்டிருக்கும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஐந்தாவது சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கலாம். அதற்குள் காற்று அடிக்கும் மெஷின் ஒன்றும், பசை நிரம்பிய புட்டி ஒன்றும் இருக்கும். அவ்வளவுதான். சக்கரம் இருக்காது!

இந்தச் சேதியைப் பலர் எப்போது தெரிந்துகொள்கிறார்கள் தெரியுமா? கல்யாணத்துக்குப் போகும் வழியில், நடு ராத்திரியில், டயர் பஞ்சரான பிறகு! பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகின்றன. பக்கத்தில் ஊர் இல்லை. ஒரு புறம் வயல், மறு புறம் வாய்க்கால். டிக்கியைத் திறந்தால் பெட்டி!

காரை விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயர், டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்குத் தெரிவிக்கும் கருவி, பஞ்சரை அடைக்கும் பெட்டி, இந்த மூன்றும் இருந்தால் மூன்றரை டன் எடைக்குள் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி தேவை இல்லை என்றது. 1-10-2020 முதல் இது அமலில் இருக்கிறது. மின்சாரக் காருக்குப் பெரிய பேட்டரி வைக்க இடம் வேண்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

விதி சரிதான். ஆனால் இதைக் கார் வாங்குகிறவரிடம் யாராவது உட்கார்த்தி வைத்து விளக்குகிறார்களா? சீட்டின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது நல்லது.

தெருவின் பெயர்

"ஸ்டெப்னி" என்ற பெயரே ஒரு கதை. பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் தொழில் நடத்தினார்கள்.

அந்தக் காலத்தில் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. பஞ்சரானால் டிரைவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, டயரைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து ஒட்ட வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் அதே கதிதான். 1904-ம் ஆண்டில் டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதில் காற்று அடித்த டயர் மாட்டி இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே இந்த வளையத்தை வைத்து முடுக்கிவிட்டு ஓட்டிப் போகலாம். அதற்குத் தங்கள் தெருவின் பெயரையே வைத்தார்கள்.

இன்று பிரிட்டனில் அந்தப் பெயரை அனேகமாக மறந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் மறக்கவில்லை! நம் ஊர்ப் பஞ்சர் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "ஸ்டெப்னி எங்கே சார்?" என்பதுதான். பிரேசில் நாட்டிலும் உபரிச் சக்கரத்தை "எஸ்டெப்பி" என்றே சொல்கிறார்கள். ஒரு சின்ன ஊரின் தெரு உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

மாட்டு லாடமும் மாட்டு வைத்தியரும்

காற்று அடித்த டயரை உலகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டன்லப். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்தவர். தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துப் பார்த்தார். 1888-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

மாட்டு வைத்தியர் தந்த டயருக்கு நம் நாட்டில் எதிரியாக வந்தது எது தெரியுமா? மாட்டு லாடம்! மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. அதனால் குதிரைக்குப் போல ஒரே வளையமாக லாடம் அடிக்க முடியாது. சின்னச் சின்னத் தகடுகளாக அடிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பல ஆணிகள். வண்டி மாடு நடக்க நடக்க ஆணி தேய்ந்து ரோட்டில் விழும். பின்னால் வரும் பஸ்ஸின் டயரில் ஏறும்.

1912-ம் ஆண்டு வாக்கில் மதுரைச் சீமையில் பஸ் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனியைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். பஸ் நேரம் தவறக் கூடாது என்பதற்காக, காந்தம் பொருத்திய ஒரு வண்டியை ரோட்டில் ஓட விட்டு, லாட ஆணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுவார்களாம். பஞ்சரை ஒட்டுவதை விட ஆணியைப் பொறுக்குவது லாபம் என்று கண்ட மூளை அது.

இப்போது டெல்டாவில் வண்டி மாடு குறைந்துவிட்டது. லாட ஆணியும் குறைந்துவிட்டது. ஆனால் கட்டட வேலை ஆணி, வெல்டிங் பட்டறைத் துண்டு, அறுவடை மெஷினிலிருந்து கழன்று விழும் போல்ட் என்று புதுச் சரக்குகள் வந்துவிட்டன. ரோட்டோரத்தில் சீமைக் கருவேல முள் இருக்கவே இருக்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் பஞ்சரானால்

தஞ்சை–திருச்சி நால்வழிச் சாலையில் பஞ்சரானால் ஒதுங்க இடம் கிடைக்கும். மன்னார்குடிப் பக்கமோ, திருத்துறைப்பூண்டிப் பக்கமோ, கிராமத்து ரோட்டில் பஞ்சரானால்? ரோடே ஆற்றங்கரையாகவோ வாய்க்கால் கரையாகவோ இருக்கும். தார் முடிந்த இடத்தில் ஒரு முழம் மண். அதற்கு அப்புறம் சரிவு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் அந்தச் சரிவின் அடியில் தண்ணீர் ஓடும்.

ஆகவே முதல் பாடம்: பஞ்சரான அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலும், "டப் டப்" என்று சத்தம் கேட்டாலும், சட்டென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். கார் சுழன்றுவிடும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். நான்கு பக்க விளக்கையும் மினுக்க விடுங்கள். பிறகு ஆள் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு போய், ரைஸ் மில் வாசல், நெல் கொள்முதல் நிலையம், பெட்ரோல் பங்க், கோவில் திடல் எது கிடைக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். காற்று இல்லாமல் ஓட்டினால் டயர் கெட்டுப்போகும்தான். வளைவிலோ பாலத்தின் மேலோ நின்று லாரியிடம் அடிபடுவதை விட ஒரு டயர் கெடுவது மேல்.

நிறுத்தும் இடத்தில் வைக்கோல் இருக்கிறதா என்று பாருங்கள். தை, மாசி அறுவடையில் ரோடு முழுவதும் வைக்கோல் கிடக்கும். ஓடி வந்த காரின் புகைக் குழாய் நெருப்பாகக் கொதிக்கும். காய்ந்த வைக்கோல் மேல் நிறுத்தினால் பற்றிக்கொள்ளலாம். காயப் போட்ட நெல்லின் மேலும் ஏற்ற வேண்டாம். அது இன்னொருவரின் உழைப்பு.

எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். குழந்தைகளைப் பெரியவர்கள் கையைப் பிடித்தே இறக்குங்கள். வலது பக்கம் லாரி வரும். இடது பக்கம் வாய்க்கால் இருக்கலாம், இருட்டில் தெரியாது. காரிலிருந்து சற்றுத் தள்ளி, சமதரையில் அவர்களை நிற்க வையுங்கள். காருக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள்.

புதுக் காரோடு சிவப்பு முக்கோணப் பலகை தருகிறார்கள். அதைக் காருக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள். பலகை இல்லாவிட்டால் பச்சைக் கிளையை ஒடித்துப் போடலாம். பாறாங்கல்லை உருட்டி வைக்கும் வழக்கம் வேண்டாம். சக்கரம் மாட்டியதும் கார் போய்விடும், கல் போகாது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதுவே எமனாக முடியும்.

வலது பக்க டயர் பஞ்சராகி, ரோட்டைப் பார்த்துக் குனிந்து வேலை செய்ய வேண்டியிருந்தால் துணிச்சல் காட்டாதீர்கள். இன்னும் இடம் தேடிப் போங்கள். முடியாவிட்டால் உதவி கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, மற்ற அவசரத்துக்கு 112, ஆஸ்பத்திரி வண்டிக்கு 108.

ஜாக்கி புதையும் மண்

ஸ்டெப்னி உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது டெல்டா மண்ணுக்கே உரியது. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் நெல்லுக்குத் தங்கம். ஜாக்கிக்கு எதிரி! மழைக்குப் பிறகு ஜாக்கியை வைத்து ஏற்றினால் கார் மேலே போகாது. ஜாக்கி கீழே போகும். பாதி ஏறிய கார் சரிந்தால் கை கால் போய்விடும்.

அதனால் ஒரு முழ நீளத்தில் கெட்டியான பலகை ஒன்றை டிக்கியில் எப்போதும் வைத்திருங்கள். அதன் மேல் ஜாக்கி நிற்க வேண்டும். செங்கல்லை வைக்காதீர்கள். பாரத்தில் நொறுங்கிவிடும்.

கைப் பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, பஞ்சரான சக்கரத்துக்கு எதிர் மூலையில் உள்ள சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். காரைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு திருகினால் சக்கரம் கூடவே சுற்றும், காரும் ஆடும். கழற்றிய சக்கரத்தை ஓரமாகத் தூக்கிப் போடாமல் காரின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி நழுவினால் கார் அதன் மேல் உட்காரும், உங்கள் மேல் அல்ல. புதுச் சக்கரத்தின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்குங்கள். காரைக் கீழே இறக்கிய பிறகு இன்னொரு முறை இறுக்குங்கள்.

சில கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கை விட ஒல்லியாக இருக்கும். அது பஞ்சர் கடை வரை போவதற்குத்தான். அதன் மேலேயே வேக அளவு எழுதி இருக்கும், பெரும்பாலும் மணிக்கு 80 கிலோ மீட்டர். ஸ்டெப்னியிலும் மாதம் ஒரு முறை காற்றுப் பாருங்கள். காற்று இல்லாத ஸ்டெப்னி வெறும் சுமை.

பெட்டி மட்டும் இருந்தால்

ஸ்டெப்னி இல்லாத காரில் முதல் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு. குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவே ஆச்சரியக் குறி! (லாடம் விட்டபாடில்லை, பாருங்கள்.) அது எரிந்தால் ஒரு டயரிலாவது காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம். "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள்.

டயரில் ஆணி ஏறி இருந்தால் பிடுங்காதீர்கள். டியூப் இல்லாத டயரில் ஆணியே பாதி அடைப்பு. காற்று மெதுவாகத்தான் இறங்கும். மெஷினின் ஒயரைக் காருக்குள் இருக்கும் 12 வோல்ட் துளையில் செருகி, காற்றை மட்டும் அடித்துப் பாருங்கள். காற்று நின்றால் பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். பசை செலவாகாது.

நிற்கவில்லை என்றால் பசைப் புட்டியை மாட்டி அடிக்க வேண்டும். உள்ளே போன பசை, டயர் சுற்றும்போது பரவி ஓட்டையை அடைக்கும். சில கிலோ மீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு, நிறுத்தி, மறுபடி காற்றை அளந்து பாருங்கள்.

ஆனால் இந்தப் பசை சர்வ ரோக நிவாரணி அல்ல. ரோட்டைத் தொடும் பகுதியில் சுமார் 4 முதல் 6 மில்லி மீட்டர் வரை உள்ள ஓட்டையைத்தான் அடைக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்காது. டயர் வெடித்தாலும், வளையத்தை விட்டுக் கழன்றாலும் புட்டியால் பயன் இல்லை. அப்போது இழுவை வண்டிதான். அதற்கான போன் நம்பர் இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். புட்டிக்கும் ஆயுள் சில வருஷங்கள்தான். மருந்துப் புட்டியைப் போல அதன் மேலும் தேதி போட்டிருக்கும்.

பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போது, உள்ளே பசை அடித்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வளையத்தில் காற்றை அளக்கும் சின்னக் கருவி இருந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாமல் நெம்புகோலைப் போட்டால் உடைந்துவிடும். ஓட்டை பக்கச் சுவரில் இருந்தால், ரப்பர் திரியைச் செருகித் தருகிறேன் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இடம் ஓடும்போது வளைந்து நெளியும், திரி நிற்காது. புது டயர்தான் போட வேண்டும். ஒரு முறை திறந்த பசைப் புட்டி மறு முறைக்கு ஆகாது. அதே வாரத்தில் புதுப் புட்டி வாங்கி, பெட்டியில் வைத்துவிடுங்கள்.