பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

உசேன் போல்ட்டின் முதுகெலும்பு நேரானதல்ல. 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி முடித்த அவருக்கு இளவயதிலிருந்தே ஸ்கோலியோசிஸ் உண்டு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோகும் கோளாறு இது. வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் வலுவாக வைத்திருக்கும்வரை வளைவு தன்னை அதிகம் படுத்துவதில்லை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கப் பளுதூக்கு வீரர் லமார் கான்ட்டின் முதுகு இன்னும் மோசமாக வளைந்தது. 1985-இல் தன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, சுமார் 300 கிலோவை, தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தார். இருவருமே வளைந்த முதுகோடுதான் சாதித்தார்கள். பயிற்சி அவர்களுடைய முதுகை நேராக்கிவிடவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘அறுவை சிகிச்சை இல்லாமல் முதுகை நேராக்கித் தருகிறோம்’ என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தையும், அதைவிட முக்கியமாக மாதங்களையும் இழக்கும் குடும்பங்கள் ஏராளம்.

வளைவை அளக்க ஒரு கோணம் இருக்கிறது. எக்ஸ்-ரே படத்தில், வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையிலான கோணத்தைக் கணக்கிடுவார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-இல் விளக்கிய முறை இது. 10 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் ஸ்கோலியோசிஸ். 45, 50 டிகிரியைத் தொட்டால் கம்பியும் திருகும் வைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். உடற்பயிற்சிக்கும், உடலைச் சுற்றி அணியும் கவசத்துக்கும் உரிய களம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

வளரிளம் பருவத்தினரில் 100-க்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வளைவு இருக்கும். சிறிய வளைவுகளில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமம். பெரிய வளைவுகளில் பெண்களே மிக அதிகம். ஏறக்குறைய 80 சதவீதத்தினருக்குக் காரணம் தெரிவதில்லை. புத்தகப் பை கனத்தாலோ கோணலாகப் படுத்ததாலோ இது வருவதில்லை. ஆகவே ‘ஒழுங்காக உட்காரச் சொன்னேனே, கேட்டாயா?’ என்று பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இது வெறும் பக்கவாட்டுச் சாய்வும் இல்லை. முள்ளெலும்புகள் சுழல் படிக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று திரும்பியும் போகின்றன. விலா எலும்புகளும் கூடவே திரும்புவதால் முதுகின் ஒரு பக்கம் மேடாகிறது, மறுபக்கம் குழிகிறது. நேராக நிற்கும்போது தெரியாத மேடு குனிந்தால் தெரியும். இந்தச் சோதனையை விளக்கிய லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ், இகுவானோடான் என்ற டைனோசரை உலகுக்கு அறிமுகம் செய்த கிடியன் மான்டெல் இறந்த பிறகு அவருடைய வளைந்த முதுகெலும்பை ஆராய்ந்தவர். பூமிக்குள் புதைந்த எலும்புகளைப் படித்த மனிதரின் எலும்பே மருத்துவத்துக்குப் பாடமானது.

ஷ்ரோத் என்ற உடற்பயிற்சி முறையின் கதை ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் தொடங்குகிறது. அங்கே 1894-இல் பிறந்த கதரீனா ஷ்ரோத்துக்கும் முதுகு வளைவு. 16 வயதில் அவருக்குக் கவசம் மாட்டினார்கள். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. காற்றுப் பந்து ஒன்றைப் பார்த்தபோது யோசனை பிறந்தது: குழி விழுந்த பந்தைக் காற்று நிரப்பி நிமிர்த்த முடியுமானால், மார்புக்கூட்டின் குழிந்த பக்கத்தை ஏன் மூச்சால் நிரப்பக்கூடாது? கண்ணாடி முன் நின்று தன் உடம்பிலேயே சோதித்தார். எந்தப் பக்கம் குழிந்ததோ அந்தப் பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தினார். எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் உடலை நகர்த்திப் பிடித்தார். 1921-இல் மைசன் நகரில் சிறிய நிலையம் தொடங்கினார். அங்கு வருகிறவர்கள் மூன்று மாதம் தங்கிப் பழகுவார்கள். மகள் கிறிஸ்டாவும் பின்னாளில் சேர்ந்துகொண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பம் மேற்கு ஜெர்மனிக்குப் போய், 1960-களில் சோபர்ன்ஹைமில் நிலையம் அமைத்தது. அங்கிருந்துதான் இந்த முறை பல நாடுகளுக்குப் போனது.

பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் பயிற்சிதான். சுவரில் பதித்த மர ஏணியைப் பிடித்துத் தலை உச்சியை மேலே நீட்ட வேண்டும். அரிசியோ பயறோ நிரப்பிய சிறு பைகளை மேடான விலாவுக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். திரும்பிய உடலை எதிர்த்திசையில் திருப்பி, குழிந்த பக்கம் விரியும்படி மூச்சிழுத்து, மூச்சு விடும்போது தசைகளை இறுக்கி அந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். ஆனால் கடினமான வேலை தசையில் இல்லை, மூளையில் இருக்கிறது. வளைந்த முதுகோடு வளர்ந்த பெண்ணுக்கு வளைவுதான் நேராகத் தோன்றும். நேராக நிறுத்தினால் ‘என்னைக் கோணலாக நிறுத்துகிறீர்கள்’ என்பாள். கண்ணாடியைப் பார்த்து அந்த உணர்வைத் திருத்தி, பிறகு கண்ணாடி இல்லாமலும் வகுப்பிலும் பேருந்திலும் அதே நிலையைப் பிடிக்கப் பழக வேண்டும். அதனால்தான் நாள்தோறும் செய்யச் சொல்கிறார்கள். ஒருவரின் வளைவு வலப்பக்கம், இன்னொருவருடையது இடப்பக்கம் என்பதால் யூடியூபில் கண்டதை அப்படியே செய்வதில் பொருளில்லை. வளைவைக் கூட்டும் திசையிலேயே தினமும் உழைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

பலன் உண்டா? 2014-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 25 டிகிரிக்குக் குறைவான வளைவுள்ள 110 பேர் பங்கேற்றார்கள். தன்னைத் தானே திருத்திப் பிடிக்கும் பயிற்சி பெற்றவர்களின் சராசரி வளைவு சுமார் 19-லிருந்து 14 டிகிரியாகக் குறைந்தது. வழக்கமான உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சற்றே கூடியது. 2016-இல் வந்த துருக்கி ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஷ்ரோத் பயிற்சியை முதல் ஆறு வாரம் நிபுணரின் கண்காணிப்பில் செய்தவர்களுக்கு வளைவு கொஞ்சம் குறைந்தது. அதே பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் மட்டும் செய்தவர்களுக்கு, ஒன்றுமே செய்யாதவர்களைப் போலவே வளைவு கூடியது.

இந்த ஆய்வுகள் சிறியவை. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம். ஆகவே மூன்று நான்கு டிகிரி குறைந்ததாகக் காட்டும் ‘முன்பு, பின்பு’ படங்கள் எதையும் நிரூபிப்பதில்லை. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பும் உடற்பயிற்சிக்கான ஆதாரம் போதுமான அளவு வலுவாக இல்லை என்றே சொல்கிறது.

வலுவான ஆதாரம் கவசத்துக்குத்தான் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்களில் 242 பேரைக் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். அணியாதவர்களில் 48 சதவீதம். கவசத்துக்குள் வைத்த உணர்கருவி, எத்தனை மணி நேரம் உண்மையில் அணிந்தார்கள் என்றும் காட்டிக்கொடுத்தது. தினம் சுமார் 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் 10-க்கு 9 பேர் தப்பினார்கள். அந்த 48 சதவீதத்தையும் கவனியுங்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் சிகிச்சை ஏதுமின்றியே தப்பியிருக்கிறார்கள். அவர்கள் ஏதாவது எண்ணெய் தடவியிருந்தால் பெருமை எண்ணெய்க்குப் போயிருக்கும்.

வளர்ச்சி முடிந்தபின் 30 டிகிரிக்குக் குறைந்த வளைவு பெரும்பாலும் கூடாது. 50-ஐத் தாண்டியது ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி கூடும். பெரியவர்களுக்குப் பயிற்சியின் நோக்கம் கோணத்தைக் குறைப்பது அல்ல. வலி குறைவதும் தசை வலுவாவதும்தான். அமெரிக்காவின் அயோவாவில் சிகிச்சை பெறாத நோயாளிகளை 50 ஆண்டு பின்தொடர்ந்ததில், முதுகுவலி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலோர் சாதாரண வாழ்க்கையே வாழ்ந்தது தெரிந்தது. பயந்து நடுங்க வேண்டிய நோய் அல்ல. அதற்காக, 50-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும் வளைவுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் புத்திசாலித்தனம் ஆகாது.

உங்கள் வீட்டில் 10 முதல் 14 வயதுக்குள் பிள்ளை இருந்தால் ஒரு முறை பாருங்கள். கால்களைச் சேர்த்து நின்று, உள்ளங்கைகளை ஒட்டிவைத்து முன்னால் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மேடாக இருந்தாலோ, நிற்கும்போது பாவாடை விளிம்பு ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்-ரேயை முதுகுப் பக்கமிருந்து எடுக்கச் சொன்னால் மார்பில் படும் கதிர்வீச்சு குறையும். கோணத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக உயரம் கூடும் வயதில் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும்.