மரக்கூடுடைய மோட்டார் வண்டி

1936ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மால்வேர்ன் நகரிலிருந்து வெளிவந்த மோர்கன் 4/4 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் விந்தையானது. நான்கு சிலிண்டரும் நான்கு சில்லும் உடைமையால் அது அப்பெயர் பெற்றது. அதன் அடிச்சட்டம் மரத்தாலானதெனப் பலர் எண்ணுவர், அது தவறு. அடிச்சட்டம் உருக்கு; அதன்மேல் அமைந்த உடற்கூடே ஆஷ் மரம். அக்கூட்டை உலோகத் தகடு போர்த்திருக்கும்.

தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்குமாயின் மரம் உக்கிப்போகும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே கூடு தளரும். இதனை முதலில் அறிவிப்பது கதவே. கீல் தாங்கும் மரத்தூண் உக்கினால் கதவு தொய்ந்துவிடும், பூட்டோடு இசையாது. ஆகவே வாங்குவோர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தல் வேண்டும்.

செப்பனிடுவோர் உக்கிய துண்டை அறுத்தெடுத்து, அதே மரத்தில், அதே வடிவில் மாற்றுத் துண்டு செதுக்கிப் பொருத்தலாம். கதவு இசைந்த பின்னரே வர்ணம் பூசுக. அன்றேல், அது செல்லரித்த தூணுக்குச் சுண்ணாம்பு தீட்டுவதை ஒக்கும்.