பேக்கிங் லிஸ்ட் இல்லாத பொக்கிஷம்

திருப்பூரிலிருந்து கிளம்பும் எந்தப் பெட்டிக்கும் டேப் ஒட்டுவதற்கு முன்னால் கணக்கு ஏறிவிடும். ஸ்டைல் நம்பர், நிறம், எந்த சைஸில் எத்தனை பீஸ், நிகர எடை, மொத்த எடை எல்லாம் பேக்கிங் லிஸ்ட்டில் இருக்கும். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில் பத்து டி-ஷர்ட் குறைந்தால்கூட, எந்தப் பெட்டியில் எந்த சைஸ் குறைகிறது என்று ஐரோப்பாவில் இருக்கும் பையர் சொல்லிவிடுவார். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதே ஊரில், அதே கம்பெனிக்காரர் வீட்டு பீரோவில், பையன் பத்து வருடமாகச் சேர்த்த கிரிக்கெட் கார்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். மொத்தம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். "நிறைய இருக்குதுங்க" என்பார்கள்.

டப்பா திருடு போன மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் இந்த "நிறைய" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அட்டைக்காக ஸ்டேஷன் படியேறுவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டோடு கொடுத்த பேஸ்பால் அட்டைகளில், ஹோனஸ் வாக்னர் படம் போட்ட ஒன்று 2022 ஆகஸ்டில் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே மாதம், 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய நூறு கோடி ரூபாய். நம் பக்கம் பழக்கம் பபிள் கம் வழியாக வந்தது. எண்பதுகளில் பிக் ஃபன் வாங்கினால் ரன்னும் விக்கெட்டும் அச்சிட்ட சீட்டு கிடைக்கும். தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு, ஐ.பி.எல். வந்த பிறகு கிரிக்கெட் அட்டாக்ஸ். இவற்றில் பெரும்பாலானவை நூறு ரூபாய் பெறாது. ஆனால் ஆட்டக்காரர் கையெழுத்திட்ட அட்டை, குறைந்த எண்ணிக்கையில் வந்த வெளிநாட்டுப் பதிப்பு என்று போனால் கதை வேறு.

ஹேங்டேக்கை லட்சக்கணக்கில் அச்சடிக்கும் ஊருக்கு, ஒரு அட்டை அடிக்க என்ன செலவாகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதத்துக்கும் மைக்கும் யாரும் கோடி கொடுப்பதில்லை. இது அசல்தான், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்ற சாட்சிக்குத்தான் அந்த விலை. திருடன் அட்டையை எடுத்துக்கொண்டு போகிறான். சாட்சி வீட்டிலேயே இருந்தால் பொருள் திரும்பி வர வழி இருக்கிறது. சாட்சியே இல்லை என்றால், திருடு போனது என்று நிரூபிக்கக்கூட முடியாது. இதற்கு இந்தியாவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு.

ஹாக்கி வீரர் பல்பீர் சிங் சீனியர் 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை இந்தியா 6-1 என்று வென்றது. அதில் ஐந்து கோல் இவருடையது. 1985-ல், விளையாட்டு அருங்காட்சியகம் வரப்போகிறது என்ற நம்பிக்கையில், தன்னிடமிருந்த 36 பதக்கங்கள், 120 அரிய புகைப்படங்கள், மெல்போர்னில் கேப்டனாக அணிந்த பிளேஸர் எல்லாவற்றையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். அருங்காட்சியகம் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி, ஒலிம்பிக் வரலாற்றின் பதினாறு சின்னங்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியர் அவர் ஒருவர்தான். அந்தச் சமயத்தில் தேடியபோதுதான் பொருள்கள் இல்லை என்பது வெளியே வந்தது. குடும்பத்தார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். பெற்றுக்கொண்டதற்கான பதிவு இல்லை என்பதே பதிலாக வந்தது. அமைச்சர்கள் மாறினார்கள், மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன. 2020 மே 25 அன்று, 96 வயதில், அந்தப் பொருள்களைப் பார்க்காமலேயே அவர் இறந்துபோனார்.

வாங்கியதற்கே பதிவில்லை என்றால், காணாமல் போனதாக எப்படிப் புகார் எழுதுவது? என் கணக்கில் இது பூட்டை உடைத்த திருட்டைவிட மோசம். பூட்டை உடைத்தவன் உடைந்த பூட்டையாவது விட்டுப் போகிறான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2004-ல் பாக் நீரிணையை நீந்தி தனுஷ்கோடியில் கரையேறிய நீச்சல் வீராங்கனை புலா சௌத்ரியின் மேற்கு வங்க வீட்டில் 2025 ஆகஸ்டில் திருடர்கள் புகுந்து பதக்கங்களை அள்ளிப் போனார்கள். சில நாட்களுக்குள் போலீஸ் மீட்டுவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் பதக்கத்தைச் சந்தையில் வைத்து விற்பது எளிதல்ல. கிரிக்கெட் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரே அட்டை ஆயிரம் பேரிடம் இருக்கும். உங்களுடையது எது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கண்ணாடிப் பெட்டியும் பூட்டும் போதும் என்று நினைப்பவர்கள் ஜூல்ஸ் ரிமே கோப்பையைப் பார்க்கலாம். 1966 மார்ச் 20 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில், ஒரு தபால்தலைக் கண்காட்சியில் வைத்திருந்த கால்பந்து உலகக் கோப்பை திருடு போனது. ஒரு வாரம் கழித்து பிக்கிள்ஸ் என்ற நாய் அதைச் செய்தித்தாளில் சுற்றிய நிலையில் ஒரு புதரடியில் மோப்பம் பிடித்தது. பாடம் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? மூன்று முறை வென்றதால் அந்தக் கோப்பை பிரேசிலுக்கே சொந்தமாகி ரியோவுக்குப் போனது. முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி போட்ட பெட்டியில் வைத்தார்கள். பின்பக்கம் மரம். 1983 டிசம்பர் 19 அன்று திருடர்கள் பின்பக்கமாகப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.

பூட்டு தோற்ற இடத்தில் புகைப்படம் ஜெயித்த கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராஜர் சிலையைக் கடத்தி, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலர் அளவில் விற்றார்கள். சிலையோடு போலி ஆவணங்களும் போயின. அவற்றைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொண்ணூறுகளில் அந்தக் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படங்கள். வார்ப்பில் உள்ள சின்னச் சின்ன அடையாளங்களைப் படத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். மறுக்க முடியவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் சிலையை டெல்லியில் கொண்டுவந்து கொடுத்தார். படம் எடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்து எடுக்கவில்லை. கோயில் கலையை ஆவணப்படுத்துகிறோம் என்று எடுத்தார்கள். இருந்தும் அதுதான் சாட்சியாக நின்றது.

சிலைக்குச் சரி, ஒரே மாதிரி அச்சான காகிதத்துக்கு இது நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. விமானம் தலைகீழாக அச்சான அமெரிக்கத் தபால்தலை 1918-ல் ஒரே ஒரு தாள், நூறு தலைதான் வெளியே வந்தது. எதெல் மெக்காய் என்ற சேகரிப்பாளரின் நான்கு தலைத் தொகுதியை 1955-ல் ஒரு கண்காட்சியில் திருடினார்கள். பிரித்து, ஓரத் துளைகளையும் மாற்றி அடையாளத்தை அழிக்கப் பார்த்தார்கள். ஆனால் தாளில் எந்த இடத்தில் எந்தத் தலை, படம் எவ்வளவு நகர்ந்து அச்சாகியிருக்கிறது என்ற விவரம் சேகரிப்பாளர்களிடம் இருந்தது. இரண்டு தலைகள் முன்பே கிடைத்தன. மூன்றாவது, 61 வருடம் கழித்து 2016-ல் ஏலத்துக்கு வந்தபோது பிடிபட்டது.

அட்டைகளிலும் இதே வழிதான். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பு இடப்பக்கம் அகலமா, வலப்பக்கமா. எந்த மூலை மழுங்கியிருக்கிறது. எங்கே ஒரு மைப்புள்ளி. அமெரிக்காவில் 1991-லிருந்து இயங்கும் பி.எஸ்.ஏ. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண் கொடுக்கின்றன. எண் இருப்பது நல்லது. ஆனால் விவரம் தெரிந்த திருடன் உறையை உடைத்து எறிந்துவிடுவான். மூலையில் உள்ள மழுங்கலை அவனால் உடைத்து எறிய முடியாது.

திருட்டு நடந்தபின் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரல் முதலில் வடமாநிலத் தொழிலாளி பக்கம் நீளும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது இந்த ஊர் பட்ட பாடு மறந்திருக்காது. யோசித்துப் பாருங்கள்: நகையை விட்டுவிட்டு ஆல்பத்தை மட்டும் எடுத்தவனுக்கு அதன் விலை தெரிந்திருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கண்காட்சிக்காக ஒரு ஹோட்டலுக்கு அனுப்பிய சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள அட்டைப் பார்சல் மாயமானது. கடைசியில் கைதானவர் அந்த ஹோட்டலின் ஊழியர். வாட்ஸப் குழுவில் ஆல்பத்தைப் படம் போட்டுப் பெருமைப்பட்டது யார், யார் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள் என்று பட்டியல் போட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். நீங்களே யாரையும் பிடித்துவைத்து விசாரிக்க வேண்டாம்.

புகாரில் ஒரு சொல் முக்கியம். "காணாமல் போய்விட்டது" என்று எழுதிவிட்டால் அது தொலைந்த பொருள் கணக்கில் போய்விடும். "திருடப்பட்டது" என்றே எழுதுங்கள். வீட்டுக்குள் நடந்த திருட்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் வருகிறது, ஏழு ஆண்டு வரை தண்டனை. முதலில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஸ்டேஷனில் மறுத்தால் கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ தபாலில் அனுப்பலாம். மதிப்பு என்ன என்ற கட்டத்தில் "விலைமதிப்பற்றது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உணர்ச்சி புரிகிறது, வழக்குக்கு அது உதவாது. அதே அட்டை சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்பதைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள்.

திருட்டுப் பொருள் பெரும்பாலும் விற்பனைக்கு வரும். இன்ஸ்டாகிராமிலோ பழைய பொருள் விற்கும் ஆப்பிலோ உங்கள் அட்டையைக் கண்டால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்லுங்கள். விற்பவனிடம் "இது என்னுடையது" என்று மெசேஜ் போட்டால் மறுநிமிடம் அந்தப் பக்கமே இருக்காது. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் வாங்கும்போது சரக்கு எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று கேட்கிறோம் இல்லையா, அதை இங்கேயும் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

மீட்டபின் வரும் ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. கைப்பற்றிய பொருளின் மேலேயே சீட்டை ஒட்டி, சாக்கில் கட்டி, ஈரச்சுவர் ஓரம் போட்டுவிட்டால், திருடன் கெடுக்காத அட்டையை ஸ்டேஷன் அறை கெடுத்துவிடும். தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போடும்படி அன்றே கேளுங்கள். வழக்கு முடியும்வரை பொருள் ஸ்டேஷனில் கிடக்கத் தேவையில்லை. படம் எடுத்துக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று 2002-ல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவும் படம், வீடியோ எடுத்துவிட்டு விரைவில் முடிவு செய்யச் சொல்கிறது. வக்கீல் வழியாக இடைக்காலப் பொறுப்பு மனு போடலாம்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா, அடிப்படையில் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படிப்பட்ட விபத்தையொட்டி ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இடம். சாதாரண நாளில் பூட்டை உடைத்துப் போனால் தனிக் கொள்ளைக் காப்பீடு வேண்டும். அதிலும் சேகரிப்புகளைத் தனியாகக் குறிப்பிட்டு மதிப்புச் சொல்லியிருக்க வேண்டும். ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் இல்லையென்றால், பிள்ளையைக் கூட உட்காரவைத்து டப்பாவைத் திறங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு அட்டைக்கும் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை படம் எடுங்கள். எங்கே வாங்கியது, எப்போது, எவ்வளவு என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் போடுகிற கைக்கு இது ஒரு மணி நேர வேலை. எழுதி முடித்ததும் ஒரு பிரதியை மெயிலில் போட்டுவையுங்கள், இன்னொன்றை உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். அந்த டப்பாவுக்குள் மட்டும் வைக்காதீர்கள். டப்பா போகும்போது பட்டியலும் கூடவே போய்விடும்.