யாருடைய ஊர் வளர்கிறது? புலம்பெயர்ந்தோர் நன்கொடையும் பஞ்சாப் தலித்துகள் கண்ட வழியும்

வெளிநாடுகளில் வாழ்வோர் ஒன்றுகூடித் தம் பிறந்த மண்ணின் வளர்ச்சிக்காக நிதி திரட்டுவது பொதுவாகப் பாராட்டப்படும் செயல். பள்ளிக்கு வகுப்பறை, குளத்துக்குத் தூர்வாரல், மருத்துவமனைக்குக் கருவி என அதன் பயன்கள் கண்ணுக்குத் தெரிபவை. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024-இல் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர். இதில் மிகப் பெரும் பகுதி குடும்பங்களுக்கு அனுப்பப்படுவது. ஊர்ப் பொதுக் காரியங்களுக்குச் செல்வது சிறு பகுதியே. எனினும், அச்சிறு பகுதி ஒரு கிராமத்தின் முகத்தையே மாற்றிவிடக் கூடியது.

அந்தப் பணம் எந்த ஊரை வளர்க்கிறது என்னும் கேள்வியைப் பாராட்டுவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தமிழில் ‘ஊர்’ என்னும் சொல்லே சேரியை விலக்கி நிற்கும் சொல். ஊரும் சேரியுமாகப் பிளவுண்ட நிலத்தில், ‘ஊர் வளர்ச்சி’ என்று திரட்டப்படும் நிதி எந்தப் பக்கம் பாயும் என்பதை முன்பே இருக்கும் அதிகார உறவுகள் தீர்மானிக்கின்றன. இதனை மிகத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதி பஞ்சாபின் தோவாபா.

தோவாபா: நிலமற்றோரின் புலப்பெயர்வு

பியாஸ், சட்லஜ் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதி தோவாபா. ஜலந்தர், ஹோஷியார்பூர், கபுர்தலா, நவான்ஷகர் என இன்றும் அழைக்கப்படும் ஷஹீத் பகத்சிங் நகர் ஆகிய மாவட்டங்கள் இதில் அடங்கும். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, இத்தாலி எனப் பல நாடுகளுக்கு நூறாண்டுக்கும் மேலாக இங்கிருந்து மக்கள் சென்றவண்ணம் உள்ளனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு. இந்திய மாநிலங்களிலேயே இதுதான் மிக உயர்ந்த விகிதம். ஆனால் விளைநிலத்தில் அவர்களுடைய பங்கு மிக மிகச் சொற்பம். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். காலனிய அரசு 1900-இல் இயற்றிய பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், ‘வேளாண் குடிகள்’ என்று அறிவிக்கப்பட்டவர்களின் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுத்தது. வட்டிக்கடைக்காரர்களிடமிருந்து உழவரைக் காப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையில், அந்நிலத்தில் கூலி உழைப்பு நல்கிய தலித்துகளுக்கும் நிலம் வாங்கும் வழி அடைபட்டது.

புலம்பெயர்வு அச்சூழலில் திறந்த கதவு. நிலவுடைமை ஜாட் சாதியினருக்கு அது செல்வத்தைப் பெருக்கும் வழி. தலித்துகளுக்குக் கூலி உறவிலிருந்து விடுபடும் வழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் உலோக வார்ப்பாலைகளுக்கும் செங்கற்சூளைகளுக்கும் ஆள் தேவைப்பட்டபோது, இரு தரப்பினரும் ஒரே நகரங்களுக்குச் சென்றனர். சாதியும் உடன் சென்றது. ஜாட் சாதியினரின் கட்டுப்பாட்டிலிருந்த குருத்வாராக்களில் சம மதிப்புக் கிடைக்காததால், வுல்வர்ஹாம்ப்டன், பர்மிங்காம், பெட்ஃபோர்டு, சவுத்தால் முதலிய இடங்களில் தலித்துகள் குரு ரவிதாஸ் பெயரில் தமக்கெனச் சபைகளையும் வழிபாட்டு இல்லங்களையும் நிறுவிக்கொண்டனர்.

ஒரே கிராமம், இரு வளர்ச்சி

தோவாபாவின் கிராமங்களில் வெளிநாட்டுப் பணத்தின் சுவடுகள் எங்கும் தெரியும்: அலங்கார நுழைவாயில்கள், விளையாட்டு அரங்குகள், பளிங்குக் குருத்வாராக்கள், பாதாளச் சாக்கடை. இவற்றுள் பயனுள்ளவை பல உண்டு. ஆனால் 2007-இல் வெளியான ஸ்டீவ் டெய்லர், மன்ஜித் சிங், டெபோரா பூத் ஆகியோரின் ஆய்வு, இத்தகைய முதலீடுகள் ஜாட் ஆதிக்கத்தையும் உள்ளூர் ஏற்றத்தாழ்வையும் வலுப்படுத்துவதைச் சுட்டிக்காட்டியது. திட்டத்தை முடிவு செய்யும் குழு யாருடையதோ, அவர்களுடைய தெருவும் வழிபாட்டிடமும் கௌரவமும் முதலில் வளர்கின்றன.

இது பஞ்சாபுக்கு மட்டும் உரிய நோய் அன்று. மெக்சிகோவின் சகாடேகாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்கா சென்றோர் அமைத்த ஊர்ச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு, 2002-இல் அந்நாட்டு நடுவண் அரசு ‘ஒன்றுக்கு மூன்று’ திட்டத்தைத் தொடங்கியது. புலம்பெயர்ந்தோர் தரும் ஒவ்வொரு பெசோவுக்கும் நகராட்சி, மாநிலம், நடுவண் அரசு ஆகிய மூன்றும் தலா ஒரு பெசோ சேர்த்தன. ஆனால், வலுவான சங்கங்கள் உள்ள பகுதிகள் அரசு நிதியை ஈர்த்துக்கொள்ள, சங்கம் அமைக்கவும் வலுவற்ற மிக வறிய பகுதிகள் பின்தங்கிப்போவதை ஆய்வாளர்கள் கண்டனர். கொடுக்க வல்லவனுக்கே அரசு கூடுதலாகக் கொடுத்தால், பொதுப் பணமும் ஏற்றத்தாழ்வின் வாய்க்காலிலேயே ஓடும்.

தலித்துகள் கட்டிய நிறுவனங்கள்

தோவாபாவின் தலித்துகள் ஊர்ப் பொதுவில் தமக்குப் பங்கு கிடைக்கும் என்று காத்திருக்கவில்லை. அவர்களுக்குப் புலம்பெயர்வின் முதற்கொடை பணமாக வரவில்லை, அரசியலாக வந்தது. ஹோஷியார்பூர் மாவட்டத்தின் முகோவால் கிராமத்தைச் சேர்ந்த மங்கு ராம், பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே அமர்த்தப்பட்டுப் படித்தவர். 1909-இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களில் உழைத்து, கெதார் கட்சியில் இணைந்து, 1920-களின் நடுவில் நாடு திரும்பினார். 1926-இல் தம் கிராமத்திலேயே ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் இந்துக்களோ சீக்கியரோ முஸ்லிம்களோ அல்லர், இம்மண்ணின் ஆதிக் குடிகள் என்று அவ்வியக்கம் முழங்கியது. 1931 கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் சமயத்தை ‘ஆதி தர்மம்’ என்றே பதிவு செய்தனர்.

அந்தத் தன்னுணர்வின் மீதுதான் பிற்காலத்தில் பணம் வந்து சேர்ந்தது. ஜலந்தருக்கு அருகிலுள்ள பல்லான் கிராமத்தின் ‘தேரா சச்கண்ட்’ மடத்தைச் சுற்றி, வெளிநாடு வாழ் ரவிதாஸியரின் கொடையால் மருத்துவமனைகளும் பள்ளிகளும் எழுந்தன. கட்டார் என்னும் இடத்தில் அமைந்த சந்த் சர்வண் தாஸ் அறக்கட்டளை மருத்துவமனை அவற்றுள் ஒன்று. வாரணாசியில், ரவிதாஸர் பிறந்த இடமாகப் போற்றப்படும் சீர் கோவர்தன்பூரில், 1965-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கோயில் இன்று ஆண்டுதோறும் பல நாட்டு ரவிதாஸியர் திரளும் இடம்.

இந்த எழுச்சி எதிர்ப்பின்றி நிகழவில்லை. 2009 மே 24 அன்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் ரவிதாஸ் கோயிலில், பல்லானிலிருந்து சென்றிருந்த துறவியர் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தது. சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார்; மடத்தின் தலைவர் நிரஞ்சன் தாஸ் காயமடைந்தார். பஞ்சாப் கொந்தளித்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 30 அன்று, சீர் கோவர்தன்பூரில் ரவிதாஸியா தனிச் சமயமாக அறிவிக்கப்பட்டது.

கணக்குப் புத்தகம் யார் கையில்?

வளர்ச்சி என்பது இறுதியில் நிர்வாக உரிமை பற்றியது என்பதற்குத் தல்ஹன் கிராமம் சான்று. ஜலந்தருக்கு அருகிலுள்ள இவ்வூரின் தியாகி பாபா நிஹால் சிங் தலத்தில், வெளிநாடு செல்ல விசா வேண்டுவோர் பொம்மை விமானங்களைக் காணிக்கையாக வைக்கின்றனர். ஆண்டுக் காணிக்கை கோடிகளில் சேரும். ஊர் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தலித்துகள். ஆனால் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடமில்லை. இடம் கேட்டபோது, 2003 ஜனவரியில் சமூகப் புறக்கணிப்புக்கு ஆளாயினர். ஜூன் மாதம் மோதல் வெடித்தது. அதன் பின்னரே, இரு தலித்துகளுக்குக் குழுவில் இடம் தரும் உடன்பாடு எட்டப்பட்டது.

உழைப்பும் காணிக்கையும் எல்லோருடையவை. கணக்குப் புத்தகம் மட்டும் ஒரு சாதியினுடையது. தல்ஹனில் நடந்த போராட்டம் அந்தப் புத்தகத்துக்காகவே நடந்தது.

தலித்துகளின் சொந்த நிறுவனங்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். மடத்தை மையமாகக் கொண்ட கொடையில், நிதி குருவின் கையில் குவிகிறது. கொடுத்தவரும் பயன்பெறுவோரும் கணக்குக் கேட்கும் நிலையில் இல்லை. கோயில் கோபுரத்துக்கும் பொற்பல்லக்குக்கும் செல்லும் தொகை, படிப்புதவிக்கும் நில மீட்புக்கும் சென்றிருந்தால் என்ன விளைந்திருக்கும் என்னும் கேள்வி உள்ளிருந்தே எழ வேண்டும். வால்மீகி, மஜ்ஹபி சமூகத்தாரிடையே புலப்பெயர்வு ஒப்பீட்டளவில் குறைவு. வெளிநாட்டில் உறவினர் இல்லாத இவர்கள், தலித்துகளுக்குள்ளும் பின்தள்ளப்படும் ஆபத்து உண்டு.

சட்டம் போட்டிருக்கும் வேலி

இங்குச் சட்டத்தின் பங்கைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010, கொடுப்பவர் எங்கு வாழ்கிறார் என்பதைவிட, எந்நாட்டுக் குடிமகன் என்பதையே பார்க்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது ‘வெளிநாட்டு நன்கொடை’ ஆகாது. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையே. தந்தை கொடுத்தால் தடையில்லை, குடியுரிமை பெற்ற மகள் கொடுத்தால் பதிவு வேண்டும் என்னும் நிலை இதனால் எழுகிறது.

அப்பதிவைப் பெற, ஓர் அமைப்பு குறைந்தது மூன்றாண்டுகள் இயங்கி, அக்காலத்தில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயேனும் செலவிட்டிருக்க வேண்டும். இல்லையேல், குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட பணிக்கு மட்டும் முன் அனுமதி பெறலாம். ஒரு சேரியின் இளைஞர் மன்றமோ மகளிர் சங்கமோ இவ்வாசலைத் தாண்டுவது எளிதன்று. முன்பு, பதிவு பெற்ற பெரிய அமைப்பு நிதியைப் பெற்றுச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க வழி இருந்தது. 2020 திருத்தம் அதை முற்றிலும் அடைத்தது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கட்டடம் கட்டும் அமைப்புக்கு இது பெரிய சுமையன்று. ஊழியரின் உழைப்பையே முதலாகக் கொண்ட உரிமை அமைப்புகளுக்கு இது கழுத்தை நெரிக்கும் கயிறு. 2022 ஏப்ரலில், நோயல் ஹார்ப்பர் வழக்கில், உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களைப் பெரும்பாலும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு ஜூலையில், வெளிநாட்டு உறவினரிடமிருந்து பெறும் தொகையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய வரம்பு ஆண்டுக்கு 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பத்துக்கு அனுப்புவது எளிதாயிற்று. ஒடுக்கப்பட்டோரின் கூட்டு முயற்சிக்கு அனுப்புவது கடினமாயிற்று.

நிலத்தின் சட்டநிலை மற்றொரு சிக்கல். பஞ்சாப் கிராமங்களில் ‘லால் லகீர்’ என்னும் செங்கோட்டுக்குள் அமைந்த குடியிருப்பு மனைகளுக்கு நெடுங்காலம் வருவாய்த் துறை ஆவணமே கிடையாது. 2021-இல்தான் அதற்கான சட்டமும் திட்டமும் வந்தன. ஆவணமற்ற மனையில் எழும் சமுதாயக் கூடத்தை, தகராறு எழும் நாளில் காப்பாற்றுவது கடினம்.

தமிழ்நாட்டில் கேட்க வேண்டியவை

இச்சட்டம் தமிழ்நாட்டுக்கும் பொதுவானது. வெளிநாடு வாழ் தமிழர் தம் ஊர்களை மேம்படுத்த ‘எனது கிராமம்’ என்னும் திட்டத்தை மாநில அரசு 2021-இல் அறிவித்தது. ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் மக்கள் பங்களிப்போடு அரசு நிதி சேர்கிறது. ஊரகப் பகுதிகளில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மிகுதியாக வாழும் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு போதும். சமமற்றோரிடம் சமமான பங்கு கேட்பது அநீதி என்பதை ஏற்கும் விதி இது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கும் தலித்துகள் சிறு தொகைகளைச் சேர்த்தே இதன் பயனைப் பெற முடியும். அவர்களில் இந்தியக் குடிமக்களாக இருப்போரின் சேமிப்புக்கு மேற்சொன்ன வேலியும் தடையில்லை.

எந்த ஊர்ச் சங்கத்துக்கும் பணம் தருவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுப்புவது நல்லது. முடிவெடுக்கும் குழுவில் சேரியைச் சேர்ந்தோர், குறிப்பாகப் பெண்கள், வாக்குரிமையோடு உள்ளனரா? கட்டடம் எழும் நிலம் யார் பெயரில் உள்ளது? அதைப் பயன்படுத்த எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது எழுத்தில் உள்ளதா? வரவு செலவுக் கணக்கு கிராம சபையில் வைக்கப்படுகிறதா?

இவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில், தோவாபாவின் தலித்துகளைப் போலத் தனி அமைப்பை நிறுவுவதே நியாயமான வழி. அதைச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்து, முதல் நாளிலிருந்தே பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றி நடத்த வேண்டும். அரசு தன் பங்காக, புலம்பெயர்ந்தோர் நிதியோடு சேரும் ஒவ்வொரு ரூபாயிலும் சேரிக்கு உரிய பங்கை விதியாகவே எழுத வேண்டும். பொதுப் பணம் சேரும் இடத்தில் அதைக் கேட்பது நமது உரிமை.