தேன் பாடும் மீன் நாடு

மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன் நாடு’ என்று சொல்லாமல் எமது ஊரில் வரவேற்புரை எதுவும் நிறைவுறுவதில்லை. பங்கு விழா மேடையில் ஒருவர் அதனை ‘தேன் பாடும் மீன் நாடு’ என்று கம்பீரமாக முழங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் சிரிக்கும், சற்று நேரத்தில் மறந்தும் விடும். ஆனால் வீட்டிலே இருக்கும் மனைவி மறக்கமாட்டார். பத்து ஆண்டுகள் கழித்தும், தேன் இன்றைக்கு என்ன பாட்டுப் பாடியது என்று கணவரிடம் கேட்பார்.

இல்லறத்தில் இத்தகைய நாத்தவறுகளுக்குக் குறைவில்லை. வேலை முடிந்து களைத்து வந்த கணவரிடம், “இஞ்சாருங்க, சோத்தைக் கழட்டி வைச்சிட்டு வந்து சட்டையைத் தின்னுங்க” என்கிறார் மனைவி. குசினிப் பக்கம் ஏதோ சத்தம் கேட்க, “கருவாடு பூனையைத் தூக்கிட்டு ஓடுது!” என்று கத்துகிறார் கணவர். பூனை தப்பிவிடும், கணவர்தான் அகப்பட்டுக்கொள்வார்.

இந்தத் தவறுகளைச் சற்று உற்று நோக்குங்கள். கருவாடும் பூனையும் இடம் மாறினவே தவிர, ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு தன் இடத்தை விட்டு அசையவில்லை. ‘கருவாட்டை’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பூனையை’ என்று இலக்கணம் பிசகாமல் வந்தது. நாம் வாய் திறக்குமுன்னரே வாக்கியத்தின் சட்டகம் மனத்தில் ஆயத்தமாகிவிடுகிறது. சொற்கள் பின்னர் அதில் வந்து அமர்கின்றன. அவசரத்தில் ஒன்றின் ஆசனத்தில் மற்றொன்று அமர்ந்துவிடுகிறது. மொழியியலாளர் தரும் விளக்கம் இதுவே. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் நியூ கல்லூரித் தலைவராயிருந்த வில்லியம் ஸ்பூனர் (1844 - 1930) இவ்வாறு எழுத்துகளை இடம்மாற்றிப் பேசுவதில் பெயர்பெற்றவர். ஆயினும், அவர் சொன்னதாக உலாவும் வேடிக்கைகளில் பெரும்பாலானவை மாணவர் கட்டிவிட்டவை. எமது குடும்பங்களிலும் அப்படித்தானே? ஒரு தவறுக்கு ஒன்பது தவறு சேர்த்துச் சொல்ல மைத்துனர்மார் இருக்கிறார்கள்.

வியன்னாவில் றுடோல்ப் மெறிங்கர் என்னும் மொழியறிஞர் நாத்தவறுகளைச் சேகரித்து, கார்ல் மேயர் என்னும் மருத்துவருடன் இணைந்து 1895 இல் நூலாக்கினார். ஒலிகளும் சொற்களும் இடறிக்கொள்வதே காரணம் என்பது அவர் கண்ட முடிவு. 1901 இல் சிக்மண்ட் பிராய்ட் அதனை மறுத்து, நாத்தவறு ஒவ்வொன்றும் உள்ளத்தில் ஒளித்துவைத்த எண்ணத்தின் வெளிப்பாடு என்றார். படித்த இல்லங்களிலும் திரைப்படங்களிலும் வென்றது பிராய்டின் கருத்தே. அதனால் விளைந்த கேடு சிறிதன்று. உறக்கக் கலக்கத்தில் கணவர் மனைவியை வேறொரு பெயரால் அழைத்துவிட்டால், அன்றிரவே வீட்டில் விசாரணை மன்று கூடிவிடுகிறது.

பெயர் மாறி அழைப்பதைப் பற்றி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,700 க்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்து 2016 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குடும்பத்தவரின் பெயர் மற்றொரு குடும்பத்தவரின் பெயராகவே பெரும்பாலும் மாறுகிறது என்பது அவர்கள் கண்டது. தாய் இளைய மகனை அழைக்க வாயெடுத்து, மூத்தவன், நடுவிலான் என எல்லாரையும் கூப்பிட்ட பின்னரே உரியவனிடம் வந்து சேர்கிறார். வளர்ப்பு நாயின் பெயரும் இவ்வரிசையில் இடையே வருவதுண்டு. பூனையின் பெயர் வருவதில்லையாம். நாயின் பெயரால் அழைக்கப்பட்ட கணவர்கள் கோபிக்க வேண்டாம். அன்புக்குரியோர் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதால்தான் அந்தத் தடுமாற்றமே நேர்ந்தது.

மட்டக்களப்பில் இவ்விடயத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. இங்கே வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவது. மணமகனே மனைவியின் மனைக்கு வந்து குடிபுகுகிறார். எனவே அவர் சொல் தவறினால் சிரிப்பவர் மனைவி மட்டுமல்லர். மாமியாரும் மைத்துனிமாரும் கூடியிருப்பர். அவர் யாழ்ப்பாணத்தவராயின் சொல்லவே வேண்டியதில்லை. மனைவியின் ‘மறுகா’ அவருக்குச் சிரிப்பு. அவருடைய ‘வாங்கோ, போங்கோ’ அவர்களுக்குச் சிரிப்பு. எந்தத் தமிழ் செந்தமிழ் என்ற வழக்குத் தொடங்கிவிடும். மட்டக்களப்புப் பேச்சே எழுத்துத் தமிழுக்கு மிக அண்மையில் நிற்கிறது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1960களில் எழுதியதை மாமியார் வீட்டார் அறிந்தால் வழக்கு அன்றோடு முடிந்துவிடும்.

ஆயினும் நாத்தவறு வேறு, அறியாத சொல் வேறு. வைத்தியர் ‘பிரஷருக்கு’ மருந்து தந்ததை ‘குக்கருக்கு’ மருந்து தந்ததாகச் சொல்லும் மனைவியை எண்ணிப் பாருங்கள். 1990 இன் இடம்பெயர்வில் பாடசாலைப் படிப்பு இடைநின்றுபோன பெண்கள் எமது ஊர்களில் பலர். அவர் சொன்னதை விருந்தினர் முன்னும் பிள்ளைகள் முன்னும் கணவர் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டும்போது, அவரும் சேர்ந்து சிரிக்கக்கூடும். அடுத்த முறை வைத்தியரிடம் போய்வந்தால் எதையுமே சொல்லமாட்டார். மருந்தை எப்படிக் குடிக்கச் சொன்னார்கள் என்பதும் அந்த மௌனத்தோடு போய்விடும்.

சொல் பிழைத்தவரைப் பகைவராகப் பார்க்கும் வழக்கம் பழையது. நீதித்தலைவர்கள் நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில் ‘ஷிபோலத்’ என்று சொல்லத் தெரியாமல் ‘சிபோலத்’ என்ற எப்ராயிமரைக் கிலயாதியர் பிடித்துக் கொன்றனர். அப்போரில் மடிந்த எப்ராயிமர் 42,000 பேர் என்கிறது அந்நூல். எமது நாட்டிலும் 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தில், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்டார்கள். அச்சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. எமது குசினியும் மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் அவ்வாறு வந்தவையே. நாவு பிறழ்ந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்துடன் சோதனைச் சாவடிகளைக் கடந்த தலைமுறைக்கு, அச்சமின்றிப் பிழையாகப் பேசக்கூடிய இடமாக வீடு ஒன்றே இருந்தது.

சிரிக்கக்கூடாத தவறு ஒன்றும் உண்டு. நேற்றுவரை சீராகப் பேசியவர் திடீரெனச் சொற்களைக் குழப்பினாலோ, தேத்தண்ணியைக் கேட்கத் தெரியாமல் பொருளற்ற ஒலி எழுப்பினாலோ, வாய் ஒருபுறம் கோணிக் கை சோர்ந்தாலோ, அது பாரிசவாதமாயிருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். படுத்து எழும்பினால் சரியாகும் என்று காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பெயர்கள் நழுவுவதாயின், அதுவும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியதே. இத்தனை ஆண்டுகள் கணவரின் நாத்தவறுகளை எண்ணிச் சிரித்த மனைவியே, எது வழமையானது, எது புதியது என்று முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர்.

பாரிசவாதத்தால் பேச்சிழந்தோரிடம் மருத்துவர் கவனித்துள்ள செய்தி ஒன்று. மனைவியின் பெயரையே சொல்ல இயலாதவர் சிலருக்கு, சிறுவயது முதல் பாடிய பாட்டும் சொல்லிப் பழகிய செபமும் தடையின்றி வந்துவிடுகின்றன. புதிதாக வாக்கியம் அமைக்கும் மூளைப்பகுதி பழுதுற்றாலும், மனப்பாடமானவை வேறு வழியாக நாவுக்கு வருகின்றன. பேச்சுப் பயிற்சியாளரும் பாட்டிலிருந்தே சிகிச்சையைத் தொடங்குவதுண்டு. ஆகவே மாலையில் செபமாலையை எடுத்துக்கொண்டு அவரருகில் அமருங்கள். மங்கள வார்த்தைச் செபத்தின் முற்பாதியை நீங்கள் சொல்லி நிறுத்துங்கள். பிற்பாதியை அவர் எடுக்கக்கூடும். நடுவே ஒரு சொல் மாறி வந்தால் திருத்தாமல் அடுத்த மணிக்குப் போங்கள்.