காணாமற்போன கடுகு

தெமட்டகொடை ஒழுங்கைகளிலே பழைய இரும்பும் போத்தலும் வாங்குவோரின் குரல் கேட்டதும், வீட்டு மூலையிற் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை நாம் தேடி எடுக்கின்றோம். அவை எங்கிருந்து வந்தன, எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. கேட்டே தீரவேண்டிய பொருளும் உலகில் உண்டு.

புற்றுநோய்க்கு வைத்தியர்கள் கையாளும் கதிரியக்கப் பொருள்களையே குறிப்பிடுகின்றோம். 1898 இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தனர். பின்னர் அதனை ஊசி போன்ற சிறு குழாய்களில் அடைத்து, நோயுற்ற இடத்திலேயே வைத்துச் சிகிச்சை செய்தார்கள். அதன் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். காலப்போக்கில் சீசியம், இரிடியம் முதலியன அதன் இடத்தைப் பெற்றன. கடுகு சிறுத்தாலும் காரம் போகாதன்றோ? உரிய இடத்தில் உயிர் காக்கும் இச்சிறு பொருள், கட்டுத்துணியோடோ படுக்கை விரிப்போடோ தவறிப்போனால் உயிருக்கே உலை வைக்கும்.

1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 82 வயது மூதாட்டி ஒருவருக்கு இரிடியச் சிகிச்சை அளித்தார்கள். கம்பியின் நுனியிலிருந்த சிறு துண்டு முறிந்து அவர் உடலிலேயே தங்கிவிட்டது. அறையிலிருந்த கருவி அபாயம் காட்டியது. கருவிதான் பழுது என்று ஊழியர் எண்ணினர். கைக்கருவியால் ஒருமுறை அளந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும், ஒருவரும் அளக்கவில்லை. முதியோர் இல்லத்துக்குத் திரும்பிய மூதாட்டி சில நாட்களில் இறந்தார். கழன்று விழுந்த குழாய் அத்துண்டோடு குப்பையிற் சேர்ந்தது. குப்பை லொறி கதிர்வீச்சுமானி ஒன்றைக் கடந்தபோதே சங்கதி வெளிப்பட்டது. அதற்குள் 90 பேருக்கு மேற்பட்டோர் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தனர்.

இத்தகைய பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போனால் என்னவாகும்? 1987 இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்து இயந்திரத்தை இருவர் எடுத்துச் சென்று விற்றனர். உள்ளே நீலமாக ஒளிர்ந்த சீசியத் தூளை உற்றாருக்கும் பங்கிட்டார்கள். நால்வர் மாண்டனர், அவர்களுள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. 2010 இல் டில்லியின் மாயாபுரியிலும் ஏலத்தில் விற்ற ஆராய்ச்சிக் கருவியின் கோபால்ட் ஓர் உயிரைக் கொண்டது.

நம் அயலிலே, ஒருகொடவத்தையில், பேஸ்லைன் வீதியிலே இலங்கை அணுசக்திச் சபை இருக்கின்றது. இப்பொருள்களுக்கு அனுமதி வழங்கவும் அவற்றைக் கண்காணிக்கவும் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் தனிப் பேரவையொன்றை அமைத்தது. எனினும் கட்டிலருகே எண்ணவேண்டியவர் மனிதரே. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் பெண் நகைகளை எண்ணிப் பார்த்தே பெட்டியைப் பூட்டுவாள். அவ்வாறே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எண்ணுதல் வேண்டும்; நோயாளியையும் படுக்கையையும் அளந்து பார்க்குமுன் ஒரு துணியேனும் அறையை விட்டு வெளியேறலாகாது.

தாய்மார்களே! மஞ்சள் நிறத்தில் மூவிதழ்க் கறுப்புச் சின்னம் பொறித்த பாரமான ஈயப்பெட்டி எதையேனும் கண்டால் திறவாதீர்கள், விற்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகி நின்று பொலிசாருக்கு அறிவியுங்கள்.